இரண்டு சுவிட்சை எப்படி இணைப்பது? ஸ்டாக், எம்லாக், மெஷ்: ஓர் அறிமுகம்

"இரண்டு சுவிட்ச் இருக்கிறது. ஒன்று பழுதானாலும் சேர்வர்கள் நிற்கக்கூடாது. என்ன செய்வீர்கள்?"

நெட்வொர்க் படிக்கத் தொடங்கிய யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: நடுவில் இரண்டு கேபிள் போட்டுவிடலாம், ஒன்று அறுந்தால் மற்றது இருக்கும். பதில் பாதி சரி. மற்றப் பாதிக்குள்தான் ஸ்டாக்கிங், எம்லாக், மெஷ், லீஃப்-ஸ்பைன் என்று விற்பனைக்காரர்கள் அடுக்கிக்கொண்டு போகும் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலோ, வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினியோ படித்துவிட்டுக் கொழும்பில் டேட்டா சென்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கேயே இருந்து, ஒரு வைத்தியசாலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு அறையும் இரண்டு ராக்கும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது உதவும். சுவிட்ச் என்றால் என்ன, ஐபி முகவரி என்றால் என்ன என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், இரண்டு கேபிள் போட்டால் என்ன நடக்கும்?

சுவிட்சின் வேலை மிக எளிமையானது. எந்த மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் உரிய அடையாள எண்) எந்தப் போர்ட்டில் இருந்து வந்தது என்று பார்த்து ஒரு பட்டியலில் எழுதிக்கொள்ளும். அடுத்த முறை அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் அந்தப் போர்ட்டில் மட்டும் அனுப்பும். முகவரி பட்டியலில் இல்லாவிட்டால், அல்லது வந்தது எல்லாருக்குமான பிராட்காஸ்ட் என்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பிவிடும். அவ்வளவுதான்.

இப்போது இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் இரண்டு கேபிள். ஒரு கணினி "இந்த ஐபி யாருடையது?" என்று ஏஆர்பி கேள்வி ஒன்றைக் கேட்கிறது. அது பிராட்காஸ்ட். முதல் சுவிட்ச் அதை இரண்டு கேபிளிலும் அனுப்பும். இரண்டாவது சுவிட்ச் முதல் கேபிளில் வந்ததை இரண்டாவது கேபிளிலும், இரண்டாவதில் வந்ததை முதலாவதிலும் திருப்பி அனுப்பும். முதல் சுவிட்ச் அதை மறுபடியும் அனுப்பும். இது நிற்கவே நிற்காது. ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, சுழியமானதும் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃப்ரேமில் அப்படி எதுவும் கிடையாது. சுற்றத் தொடங்கினால் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

இதைப் பார்க்கப் பெரிய டேட்டா சென்டர் தேவையில்லை. ஓர் அலுவலகத்தில் மேசைக்குக் கீழே சும்மா கிடந்த கேபிளின் இரண்டு முனைகளையும் யாரோ ஒழுங்காக வைப்பதாக நினைத்துச் சுவரில் உள்ள இரண்டு சொக்கெட்டிலும் செருகிவிட்டார்கள். சில வினாடிகளில் சுவிட்சின் எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் மின்னத் தொடங்கின. சாதாரண நேரத்தில் அவை ஆளுக்கொரு பக்கம் மின்னும். எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி மின்னினால் லூப்பைத்தான் முதலில் தேட வேண்டும். பிரின்டர் முதல் இன்டர்நெட் வரை எல்லாம் படுத்துவிட்டது.

இதற்கு 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் ஒரு தீர்வு கண்டுபிடித்தார்: ஸ்பானிங் ட்ரீ. 1990-இல் அது 802.1டி என்ற தரமாக வந்தது. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, எங்கே சுற்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு போர்ட்டை மூடி வைத்துவிடும். மற்ற வழி பழுதானால் மூடியதைத் திறக்கும்.

நம் ஊர் வீதிகளை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவுக்கு இரண்டு வழி. வடக்கே பரந்தன் சந்திக்குப் போய், ஏ35-இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போகலாம். அல்லது ஏ9-இல் தெற்கே மாங்குளத்துக்கு இறங்கி, ஏ34-இல் ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம். மொத்தமாகப் பார்த்தால் ஒரு வட்டம். ஸ்பானிங் ட்ரீ செய்வது மாங்குளம் வீதியில் தடை போட்டு, "பரந்தன் வழி கெட்டுப்போனால் மட்டும் இதைத் திறப்போம்" என்று சொல்வது. வட்டமாகச் சுற்றும் ஆபத்து போய்விட்டது. ஆனால் நல்ல தார் வீதி ஒன்று சும்மா கிடக்கிறது. மாரியில் வட்டுவாகல் பாலத்தில் வெள்ளம் ஏறிப் பரந்தன் வழி நின்றால், மாங்குளம் தடையைத் தூக்கப் பழைய ஸ்பானிங் ட்ரீக்கு 30 முதல் 50 வினாடி பிடிக்கும். 2001-இல் வந்த ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ இதை மிகவும் குறைத்தது. ஆனாலும் வீதி சும்மா கிடக்கும் பிரச்சினை அப்படியே இருந்தது.

அலுவலகத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 100 ஜிகாபிட் லிங்க் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, மூடி வைத்திருக்க எந்த டேட்டா சென்டரும் விரும்பாது. இனி வரும் எல்லாத் தீர்வுகளும், இரண்டு வீதியையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தவேண்டும், ஆனால் சுற்றக்கூடாது என்பதற்காக வந்தவை.

ஒரு சிறிய துண்டு: லிங்க் அக்ரிகேஷன்

இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு கேபிளையும் "இது ஒரே கேபிள் என்று நினைத்துக்கொள்" என்று இரு பக்கமும் சொல்லிவிட்டால் சுற்று இல்லாமல் போய்விடும். இதுதான் லிங்க் அக்ரிகேஷன். இரு பக்கமும் சரியாகப் பேசிக்கொள்ள உதவும் நெறிமுறைக்கு எல்ஏசிபி என்று பெயர். 2000-இல் 802.3ஏடி என்று வந்தது, இப்போது 802.1ஏஎக்ஸ்.

இதில் புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 10 ஜி (ஜிகாபிட்) லிங்க் இரண்டைக் கட்டினால் 20 ஜி கிடைக்கும் என்று நினைத்துப் பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி செய்வார்கள். வேகம் 10 ஜியைத் தாண்டாது. காரணம், சுவிட்ச் ஒவ்வொரு உரையாடலையும் முகவரி, போர்ட் எண் போன்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு கேபிளுக்குள் தள்ளுகிறது. ஒரே உரையாடலை இரண்டாக உடைத்தால் பாக்கெட்டுகள் முன்பின்னாகப் போய்ச் சேரும், அதனால் உடைப்பதில்லை. நூறு உரையாடல்கள் இருந்தால் இரண்டு கேபிளிலும் பரவும். ஒன்றே ஒன்று என்றால் ஒரு கேபிளில்தான் போகும்.

சரி, இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கட்டும் கேபிள்கள் எல்லாம் ஒரே சுவிட்சில் போய் முடிய வேண்டும். சேர்வரின் ஒரு கால், அதாவது ஒரு நெட்வொர்க் போர்ட், முதல் சுவிட்சிலும் மறுகால் இரண்டாவது சுவிட்சிலும் இருந்தால் எல்ஏசிபி ஒத்துக்கொள்ளாது. நமக்கோ அதுதான் வேண்டும், ஒரு சுவிட்ச் செத்தாலும் சேர்வர் உயிரோடு இருக்கவேண்டுமே. இந்தச் சிக்கலை ஸ்டாக் ஒரு விதமாகவும் எம்லாக் வேறு விதமாகவும் தீர்க்கின்றன.

ஸ்டாக்: பல பெட்டி, ஒரு மூளை

ஸ்டாக்கிங் என்றால் பல சுவிட்சுகளை ஒரே சுவிட்ச் ஆக்கிவிடுவது. ராக்கில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டி, பின்பக்கம் இருக்கும் ஸ்டாக் போர்ட்டுகளைக் குட்டைக் கேபிள்களால் இணைப்பார்கள். சில கம்பனிகளின் சுவிட்சுகளில் இதற்கென்று தனிப் போர்ட் இல்லை. முன்பக்கத்துச் சாதாரண 10 ஜி, 40 ஜி போர்ட்டுகளையே இதற்கு ஒதுக்குவார்கள். சிஸ்கோ 2003-இல் கேட்டலிஸ்ட் 3750-உடன் ஸ்டாக்வைஸைக் கொண்டுவந்தது. ஒன்பது சுவிட்ச் வரை ஒன்றாக்கலாம். ஜுனிப்பரில் இதற்கு வேர்ச்சுவல் சேஸி என்று பெயர், எச்3சி கருவிகளில் ஐஆர்எஃப்.

நான்கு சுவிட்சை ஸ்டாக் செய்யும்போது கேபிள் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதில் இருந்து மூன்றாவதுக்கு, மூன்றாவதில் இருந்து நான்காவதுக்கு. இங்கே நிறுத்திவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் நான்காவதில் இருந்து மறுபடி முதலாவதுக்கு இன்னொரு கேபிள் போட்டு வளையத்தை மூட வேண்டும். அந்தக் கேபிள் மட்டும் கொஞ்சம் நீளமாக வேண்டும், ஓடர் கொடுக்கும்போது மறந்துபோவது இதைத்தான். வளையம் மூடியிருந்தால் எங்காவது ஒரு கேபிள் கழன்றாலும் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். மூடாமல் விட்டால் நடுவில் ஒரு கேபிள் கழன்றதும் ஸ்டாக் இரண்டாகப் பிளந்துவிடும்.

பிளந்தால் என்ன? ஸ்டாக்கில் ஒரு சுவிட்ச் தலைமை. இன்னொன்று அதற்கு அடுத்த நிலையில் காத்திருக்கும். மற்றவை சொன்னதைச் செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி, ஒரே கட்டமைப்பு. இரண்டாகப் பிளந்தால் மறுபாதியும் தனக்கென்று ஒரு தலைமையைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும். இப்போது ஒரே ஐபியோடு, ஒரே மேக் முகவரியோடு இரண்டு சுவிட்சுகள் "நான்தான் அது" என்று நிற்கும். இதைத்தான் ஸ்ப்ளிட் பிரெய்ன் என்கிறார்கள். இதைக் கண்டுபிடித்து ஒரு பாதியை அடக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. எல்லாவற்றிலும் அது தானாக இயங்குவதில்லை, நாம்தான் போட வேண்டும்.

தலைமை யார் என்பதையும் நாமே தீர்மானித்துவிடுவது நல்லது. சிஸ்கோவில் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம், பெரிய எண் வெல்லும். எல்லாவற்றையும் பெட்டியில் இருந்து எடுத்தபடியே விட்டால் எல்லாவற்றுக்கும் எண் 1. கடைசியில் சிறிய மேக் முகவரி உள்ளது தலைமையாகும். அநேகமாக அது ராக்கிலேயே பழைய சுவிட்சாக இருக்கும்.

இனி நல்ல பக்கம். ஸ்டாக் மிக வசதியானது. எட்டு சுவிட்சுக்கு ஒரு லொகின். சேர்வரின் இரண்டு காலையும் இரண்டு வெவ்வேறு சுவிட்சில் செருகி எல்ஏசிபி போடலாம்; வெளியில் இருந்து பார்த்தால் ஒரே சுவிட்ச்தானே. நான்கு மாடிக் கட்டடத்தில் மேசைக் கணினிகள், தொலைபேசிகள், கேமராக்கள் எல்லாம் செருகும் இடத்துக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது.

டேட்டா சென்டரில் சேர்வருக்கு முன்னால் ஸ்டாக் போடுவதை நான் விரும்புவதில்லை. காரணம் அந்த ஒரு மூளைதான். தலைமைச் சுவிட்சின் மென்பொருளில் ஒரு பிழை வந்து அது குழம்பினால், குழப்பம் எல்லா உறுப்பினருக்கும் பரவும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் பெரும்பாலான ஸ்டாக்குகள் எல்லாமே ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு சுவிட்ச் வாங்கியதே ஒன்று நிற்கும்போது மற்றது ஓட வேண்டும் என்பதற்காக. இரண்டும் சேர்ந்து பல நிமிடம் நின்றால் வாங்கியதற்கு என்ன அர்த்தம்? நிற்காமல் புதுப்பிக்கும் வசதி உண்டு என்று விலைப்பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். எந்தப் பதிப்பில் இருந்து எந்தப் பதிப்புக்கு அது செல்லும் என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் குறுகிவிடும்.

எம்லாக்: இரண்டு மூளை, ஒரு முகம்

எம்லாக்கில் சுவிட்சுகள் இரண்டும் தனித்தனிதான். தனி மென்பொருள், தனிக் கட்டமைப்பு, தனி லொகின். ஆனால் சேர்வருக்கு மட்டும் ஒரே சுவிட்ச் போல முகம் காட்டும். எல்ஏசிபி பேசும்போது இரண்டும் ஒரே அடையாளத்தைச் சொல்லும்; சேர்வர் தன் இரண்டு காலும் ஒரே இடத்தில் இருப்பதாக நம்பிக்கொள்ளும். சிஸ்கோ நெக்ஸஸில் இது விபிசி, அரிஸ்டாவில் எம்லாக், டெல்லில் விஎல்டி, அரூபாவில் விஎஸ்எக்ஸ். பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். இரண்டு வேறு கம்பனிச் சுவிட்சுகளைச் சேர்த்து இப்படிச் சோடியாக்க முடியாது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இரண்டு விதமான தொடர்பு இருக்கும். முதலாவது பியர் லிங்க்: தடித்த இணைப்பு, குறைந்தது இரண்டு கேபிள். யார் எந்த மேக் முகவரியைக் கற்றுக்கொண்டார் என்ற செய்தி இதில் போகும். எல்லாம் நன்றாக இருக்கும்போது சேர்வர் தரவு இதில் அதிகம் போகாது. இரண்டாவது கீப்அலைவ்: "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும் மெல்லிய தொடர்பு. இது வேறு பாதையில் போக வேண்டும், பெரும்பாலும் நிர்வாகப் போர்ட் வழியாக.

ஏன் இரண்டு? பியர் லிங்க் அறுந்தால், மறுபக்கம் செத்துவிட்டதா, அல்லது கேபிள்தான் அறுந்ததா என்று ஒரு சுவிட்சுக்குத் தெரியாது. கீப்அலைவ் வந்துகொண்டிருந்தால் மறுபக்கம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சோடியில் ஒன்று முதல் நிலை, மற்றது இரண்டாம் நிலை. அப்போது இரண்டாம் நிலைச் சுவிட்ச் தன் பக்கத்து எம்லாக் போர்ட்டுகளை மூடிவிடும். எல்லாரும் முதல் சுவிட்ச் வழியாகப் போவார்கள். வேகம் பாதியாகும், சேவை நிற்காது. கீப்அலைவும் வரவில்லை என்றால் மறுபக்கம் உண்மையிலேயே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு தான் தொடர்ந்து ஓடும்.

இப்போது ஒரு கேள்வி. கீப்அலைவ் கேபிள் எப்போதோ கழன்றுபோய், யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கிறது. அதனால் எதுவும் நிற்கவில்லை, யாரும் முறையிடவில்லை. பிறகு ஒருநாள் பியர் லிங்க் போகிறது. என்ன நடக்கும்? இரண்டும் "மற்றவன் செத்துவிட்டான்" என்று நினைக்கும், இரண்டும் தலைமையாக நடந்துகொள்ளும். ஸ்டாக்கில் பார்த்த அதே ஸ்ப்ளிட் பிரெய்ன். ஆகவே கண்காணிப்பு மென்பொருளில் எச்சரிக்கை போட வேண்டிய முதல் இடம், விழுந்தாலும் சத்தம் போடாத அந்தக் கீப்அலைவ்தான்.

இன்னொன்று, அநாதைப் போர்ட். பழைய சேர்வர் ஒன்றுக்கு ஒரே நெட்வொர்க் கால்தான். அதை இரண்டாம் நிலைச் சுவிட்சில் செருகியிருக்கிறீர்கள். பியர் லிங்க் போனால் அந்தச் சேர்வர் தனித்துப்போகும். அதன் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும், போக வழி இராது. ஒற்றைக் கால் உள்ளவற்றை முதல் நிலைச் சுவிட்சில் செருகுங்கள்.

எம்லாக்கின் பெரிய சுகம் புதுப்பிப்பு நேரத்தில் தெரியும். ஒன்றைப் புதுப்பித்து, அது எழுந்து ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்து, பிறகு மற்றதைத் தொடலாம். விலையாகக் கொடுப்பது, கட்டமைப்பை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ஒன்றில் விலான் 30-ஐ (விலான் என்றால் ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) சேர்த்து மற்றதில் மறந்தால், பாதி உரையாடல்கள் வேலை செய்யும், பாதி வேலை செய்யாது. "எனக்கு வருகுது, பக்கத்து மேசைக்கு வரேல்ல" என்று யாராவது சொன்னால் முதலில் இரண்டு கட்டமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெஷ்: எல்லாரும் எல்லாருடனும்

எம்லாக் இரண்டுக்குத்தான். இருபது சுவிட்ச் இருந்தால்?

ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றுடனும் நேரடியாக இணைக்கலாம். அதுதான் முழு மெஷ். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு சுவிட்சுக்கு 6 கேபிள், எட்டுக்கு 28, பதினாறுக்கு 120, இருபதுக்கு 190. ஒவ்வொரு சுவிட்சிலும் 19 போர்ட் மற்றச் சுவிட்சுகளுக்கே போய்விடும். இருபத்தோராவது சுவிட்சைக் கொண்டுவந்தால் ஏற்கெனவே இருக்கும் இருபது சுவிட்சிலும் கை வைக்க வேண்டும். நான்கைந்துக்கு மேல் யாரும் இதைச் செய்வதில்லை.

இடையில் கேபிளை எப்படிப் போட்டாலும் சுவிட்சுகளே நல்ல வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று சில முயற்சிகள் வந்தன. ட்ரில் என்று ஒன்று, அதிலும் ரேடியா பெர்ல்மனின் கை இருக்கிறது. 802.1ஏகியூ என்று இன்னொன்று. சிஸ்கோவின் ஃபேப்ரிக்பாத், புரோகேடின் விசிஎஸ் என்று கம்பனிகளின் சொந்தச் சரக்குகள் வேறு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றைப் பற்றிப் பெரிய ஆரவாரம். டேட்டா சென்டர்களில் இன்று புதிதாக இவற்றைப் போடுகிறவர்கள் அரிது. நேர்முகத் தேர்வில் பெயர் கேட்டால் தெரிந்திருக்கட்டும். படிக்க நேரம் செலவழிக்க வேண்டாம்.

நிலைத்து நின்றது ஒரு பழைய தொலைபேசி யோசனை. பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த சார்ல்ஸ் க்ளோ 1953-இல், சிறிய சுவிட்சுகளை அடுக்கடுக்காக இணைத்துப் பெரிய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் ஒன்றைக் கட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். 2008-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், அதே யோசனையை வைத்து மலிவான ஈதர்நெட் சுவிட்சுகளால் பெரிய டேட்டா சென்டரையே கட்டலாம் என்று காட்டினார்கள். ஃபேஸ்புக் 2014-இல் அயோவாவின் அல்டூனாவில் திறந்த டேட்டா சென்டர் இந்த வழியில் கட்டப்பட்டதுதான்.

லீஃப்-ஸ்பைன்

இரண்டு தட்டு. கீழே லீஃப்: ஒவ்வொரு ராக்கின் மேலும் ஒன்றோ இரண்டோ, சேர்வர்கள் செருகுவது இதில். மேலே ஸ்பைன். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைனுடனும் இணையும். லீஃபும் லீஃபும் நேரடியாக இணையாது, ஸ்பைனும் ஸ்பைனும் இணையாது. முழு மெஷ் வேண்டாம், அதன் பலன் மட்டும் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. பதினாறு லீஃப், நான்கு ஸ்பைன் என்றால் 64 கேபிள். பதினேழாவது லீஃப் வந்தால் நான்கே நான்கு கேபிள், பழைய லீஃப்களைத் தொட வேண்டியதில்லை.

எந்த ராக்கில் இருந்து எந்த ராக்குக்குப் போனாலும் பாதை ஒரே நீளம்: லீஃப், ஸ்பைன், லீஃப். தாமதம் எங்கும் ஒரே அளவு. இன்றைய டேட்டா சென்டரில் இது முக்கியம். நீங்கள் ஃபோனில் ஒரு பக்கத்தைத் திறந்தால் வெளியே வருவது கொஞ்சத் தரவு. அதைத் தயாரிக்க உள்ளே சேர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வது அதைவிடப் பல மடங்கு. பழைய அமைப்புகள் வெளியே போய்வரும் போக்குவரத்தை நினைத்துக் கட்டப்பட்டவை. லீஃப்-ஸ்பைன் உள்ளே குறுக்காக ஓடும் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்டது.

சரி, இங்கே கேபிள் எங்கும் சுற்றுச் சுற்றாக இருக்கிறதே, ஸ்பானிங் ட்ரீ எங்கே? இங்கே அது வேண்டியதில்லை. லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் நடுவில் ஓடுவது ஈதர்நெட் சுவிட்சிங்காக இல்லாமல் ஐபி ரவுட்டிங்காக இருக்கும். டிடிஎல் இருப்பதால் தப்பித்தவறிச் சுற்றினாலும் செத்துவிடும். அதோடு ரவுட்டிங்குக்கு ஒரே நீளமுள்ள பல வழிகளையும் ஒன்றாகப் பயன்படுத்தத் தெரியும், ஈசிஎம்பி என்பார்கள். பரந்தன் வழியும் மாங்குளம் வழியும் ஒரே தூரம் என்றால் பாதி வண்டி அதிலும் பாதி இதிலும் போகும். வட்டுவாகலில் வெள்ளம் என்றால் எல்லாம் மாங்குளத்தால் போகும். நான்கு ஸ்பைனில் ஒன்று போனால் நான்கில் ஒரு பங்கு கொள்ளளவுதான் குறைகிறது.

வழிகளைப் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் பிஜிபி. ஆம், இன்டர்நெட் முழுவதையும் கட்டி வைத்திருக்கும் அதே பிஜிபி. பெரிய டேட்டா சென்டருக்குள் அதை எப்படிப் போடுவது என்று 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7938 விளக்குகிறது. படிக்கக் கடினமான ஆவணம் இல்லை, அதைத் தேடிப் படியுங்கள்.

இதில் ஒரு சிக்கல் மிச்சம். மெய்நிகர் கணினி ஒன்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ராக்கில் இருந்து இன்னொரு ராக்குக்கு நகர்த்தினால் அதன் ஐபி மாறக்கூடாது. அதாவது இரண்டு ராக்கும் ஒரே விலானில் இருப்பதுபோலத் தெரிய வேண்டும். ஆனால் நடுவில் ரவுட்டிங். இதற்குத்தான் விஎக்ஸ்லான்: ஈதர்நெட் ஃப்ரேமை அப்படியே ஒரு யூடிபி பாக்கெட்டுக்குள் வைத்து மறுபக்க லீஃப்வரை அனுப்புவது. எந்த மேக் முகவரி எந்த லீஃபுக்குப் பின்னால் இருக்கிறது என்ற செய்தியை ஈவிபிஎன் கொண்டுபோகும், அதுவும் பிஜிபி மேல்தான். முதல் வாசிப்பில் இவ்வளவு போதும். பெயர்கள் பயமுறுத்தும், லீஃப்-ஸ்பைன் கைக்கு வந்தபிறகு படித்தால் பாதிக்கு மேல் தானாக விளங்கும்.

ஒரு கணக்கை மட்டும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். லீஃபில் சேர்வருக்கு 25 ஜி போர்ட் 48. மொத்தம் 1200 ஜி. மேலே ஸ்பைனுக்கு 100 ஜி ஆறு, 600 ஜி. விகிதம் இரண்டுக்கு ஒன்று. எல்லாச் சேர்வரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் வேறு ராக்குக்கு அனுப்பினால் பாதிதான் போகும். பொதுவான வேலைகளுக்கு மூன்றுக்கு ஒன்று என்றாலும் சமாளிக்கலாம். சேமிப்பகமோ செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியோ என்றால் ஒன்றுக்கு ஒன்று கேட்பார்கள்.

நமக்கு எது?

ஒரு அறை, இரண்டு ராக், பத்துப் பன்னிரண்டு சேர்வர். வன்னியில் நாம் கையால் தொடுவது பெரும்பாலும் இந்த அளவுதான். இதற்கு லீஃப்-ஸ்பைன் வேண்டாம். எம்லாக் செய்யக்கூடிய இரண்டு சுவிட்ச், ஒவ்வொரு ராக்கிலும் ஒன்று, போதும். சேர்வர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், இரண்டு ராக்குக்கும் போக வேண்டும். மேசைக் கணினிகள் இருக்கும் பக்கம் ஸ்டாக்.

அதற்கும் காசு இல்லையா? இன்னொரு வழி இருக்கிறது, யாரும் விற்க வரமாட்டார்கள், காரணம் அதில் விற்க ஒன்றும் இல்லை. லினக்ஸில் பாண்டிங் என்ற வசதியில் ஆக்டிவ்-பேக்கப் என்று ஒரு நிலை உண்டு. சேர்வரின் ஒரு கால் வேலை செய்யும், மறுகால் காத்திருக்கும். முதல் கால் போனால் மாறிக்கொள்ளும். சுவிட்சுக்கு இதைப்பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை, எம்லாக்கும் வேண்டாம், ஸ்டாக்கும் வேண்டாம். இரண்டு சாதாரணச் சுவிட்ச், நடுவில் எல்ஏசிபி போட்ட இரண்டு கேபிள். ஒரு காலின் வேகம்தான் கிடைக்கும். நம் அளவுக்குப் பெரும்பாலும் அதுவே தேவைக்கு அதிகம்.

எதை எடுத்தாலும், இரண்டு சுவிட்சையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். 2022-இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் யூபிஎஸ் பற்றரிகள் என்ன பாடு பட்டன என்று தெரியும்தானே. ஒரே யூபிஎஸ் என்றால் எம்லாக்காக இருந்தாலும் இரண்டு மூளையும் ஒன்றாக அணையும். கொழும்பில் இருந்து மாற்றுச் சுவிட்ச் ஏ9-ஆல் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த நாட்கள் முழுக்க மிஞ்சிய ஒரே சுவிட்ச்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

லீஃப்-ஸ்பைனைத் தொட்டுப் பார்க்க டேட்டா சென்டர் வேண்டாம். லினக்ஸ் போட்ட 8 ஜிபி மடிக்கணினி ஒன்று போதும். கண்டெய்னர்களை (ஒரே கணினிக்குள் தனித்தனியாக ஓடும் குட்டிக் கணினிகள் போன்றவை) ஓட்டும் டொக்கர், அவற்றை நெட்வொர்க்காக இணைக்கும் கண்டெய்னர்லேப், எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருள், எல்லாம் இலவசம். இரண்டு ஸ்பைன், மூன்று லீஃப் எழுப்புங்கள். இரண்டு ஸ்பைனுக்கும் ஒரே ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒவ்வொரு தரப்பையும் அடையாளம் காட்டும் எண்), லீஃப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். வழிகள் எதுவும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம்: எஃப்ஆர்ஆர், வெளி பிஜிபிக்கு (வேறு வேறு ஏஎஸ் எண்களுக்கு நடுவில் ஓடுவது) கொள்கை எழுதாவிட்டால் வழிகளை ஏற்காது; பயிற்சிக்காக அந்தக் கட்டுப்பாட்டை ஒரு வரியில் நிறுத்திவிடலாம். எல்லாம் சரி என்றால் ஒரு லீஃபின் வழிப்பட்டியலில், மற்ற லீஃபின் முகவரிக்கு நேரே இரண்டு அடுத்த தாவல்கள் (நெக்ஸ்ட் ஹாப்), அதாவது ஒவ்வொரு ஸ்பைன் வழியாகவும் ஒன்று, தெரியும்.

இப்போது இரண்டு சோதனை. முதலில் ஒரு லீஃபுக்கும் ஒரு ஸ்பைனுக்கும் நடுவில் உள்ள லிங்கை இறக்குங்கள். பட்டியலில் இரண்டு ஒன்றாகும், பிங் ஏறக்குறைய நிற்காமல் போகும். லிங்கை மறுபடி ஏற்றிவிட்டு, இரண்டாவதாக ஒரு ஸ்பைன் கண்டெய்னரை நிறுத்தாமல் உறைய வைத்துப் பாருங்கள். டொக்கரில் அதற்கு போஸ் கட்டளை இருக்கிறது. லிங்க் ஏறியபடியே இருக்கும், உள்ளே பிஜிபி பேச யாரும் இல்லை. ஆனாலும் பிங் ஓடும்: இங்கே பாக்கெட்டைக் கடத்துவது லினக்ஸின் கர்னல், உறைந்தது பிஜிபி பேசும் மென்பொருள் மட்டும். உண்மையான ஸ்பைன் ஒன்று முழுதாக உறைந்திருந்தால் அதில் விழுந்த உரையாடல்கள் நின்றிருக்கும். பிஜிபியின் வழக்கமான காத்திருப்பு 180 வினாடி. அதுவரை லீஃப் அந்த ஸ்பைன் உயிரோடு இருப்பதாகவே நம்பும். எஃப்ஆர்ஆரில் டேட்டா சென்டர் என்ற முன்னமைப்பைப் போட்டால் அது 9 வினாடியாகக் குறையும். அதுவும் போதாது என்று தோன்றினால் மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்டுப் பார்க்கும் பிஎஃப்டி என்ற நெறிமுறையைச் சேர்த்து மறுபடி உறைய வைத்துப் பாருங்கள், இந்த முறை ஒரு வினாடி அளவுக்குள் வழி மாறிவிடும்.